டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது

கம்ப்யூட்டர் வாங்கிய ஒவ்வொருவருக்கும் கூடவே இலவசமாக ஓர் அறிவுரை வந்திருக்கும். ‘விண்டோஸ் சி டிரைவ்ல இருக்கட்டும் சார். கேம்ஸ், பாட்டு, படம் எல்லாத்தையும் டி-யில போட்டுக்குங்க. நாளைக்கு விண்டோஸ் படுத்துட்டாலும் உங்க சாமான் பத்திரமா இருக்கும்.’ ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி, உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து திருகாணி முடுக்கிக் கொடுத்த இளைஞர் சொல்லியிருப்பார். இல்லாவிட்டால் எதிர் வீட்டு இன்ஜினீயரிங் மாணவன் சொல்லியிருப்பான். நல்ல அறிவுரைதான். இன்றைக்கும் சொல்கிறார்கள். இதில் ஒரு தர்மசங்கடம் ஒளிந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன். கம்ப்யூட்டர் பாடமோ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கொஞ்சம்தான் பாடம்.

‘ஏ, பி-யெல்லாம் எங்கே? ஏன் சி-யில் ஆரம்பிக்கிறது?’ என்று குழந்தைகள் கேட்கும். 1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அதில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது. ஃபிளாப்பி செருக இரண்டு வாய்கள். அவைதான் ஏ-யும் பி-யும். 1983-ல் வந்த எக்ஸ்.டி. மாடலில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. மூன்றாவதாக வந்ததால் சி. ஃபிளாப்பிகள் காலமாகிப் பல வருஷங்கள் ஆகியும் அவற்றின் நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை. இந்த மரியாதையை நாம் மனிதர்களுக்குச் செய்வதில்லை.

அப்புறம் டி வந்தது. டிஸ்க்குகள் பெருத்தன. விண்டோஸ் 95-இன் ஆரம்ப காலத்தில் ஒரு டிரைவ் 2 ஜி.பி.க்கு மேல் இருக்க முடியாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்ததால் பிரித்தே ஆகவேண்டும். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் பிரிக்கிற பழக்கம் போகவில்லை. காரணம், விண்டோஸுக்கு அடிக்கடி உடம்புக்கு வந்தது. வைரஸ் வரும், நீல ஸ்கிரீன் வரும், சும்மாவே மூச்சு வாங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம், ஃபார்மட். சி-யை மொத்தமாக வழித்துத் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவது. டி-யைத் தொடமாட்டார்கள்.

ஆனால் அந்தக் காலத்து வீட்டு மெஷின்களில் டி என்பது பெரும்பாலும் தனி டிஸ்க்கே இல்லை. ஒரே டிஸ்க்கில் கிழித்த கோடு. அண்ணன் தம்பி பாகம் பிரிந்ததும் கூடத்துக்கு நடுவே எழுப்புகிற சுவர் மாதிரி. அந்தச் சுவரைப் பற்றிய அடிப்படை விவரம் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள், அதிலும் வெறும் 64 பைட்டில் அடங்கியிருந்தது. டிஸ்க்கே எரிந்துபோனால் சுவரும் போச்சு, இரண்டு பக்கத்துக் குடும்பமும் போச்சு. பிறகு எஸ்.எஸ்.டி. வந்து, விண்டோஸுக்கு வேகமான சின்ன டிஸ்க், கேம்ஸுக்குப் பெரிய மலிவான டிஸ்க் என்று நிஜமாகவே இரண்டு வீடானது. அதற்கும் தேவை இருந்தது. 2019-ல் பி.சி.க்கு வந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ என்கிற ஒரே ஒரு கேம் 150 ஜி.பி. இடம் கேட்டது. முதல் எக்ஸ்.டி.யின் டிஸ்க்குகளைப் பதினைந்தாயிரம் அடுக்கினால் கிடைக்கும் இடம்.

பாடம் அவ்வளவுதான். இனி தர்மசங்கடம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. 2006 வாக்கில் நடந்தது. அண்ணன் காலேஜ், தம்பி எட்டாம் வகுப்பு, இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். தம்பி ஆடிக்கொண்டிருந்தது ‘ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி’. 2003-ல் பி.சி.க்கு வந்து, நம் ஊரில் பையன்கள் கூடிய இடமெல்லாம் பரவிய ஆட்டம். 1986-ம் வருஷத்து மயாமி மாதிரி ஒரு ஊர். அதில் காரை ஓட்டலாம், பிறர் காரைத் திருடலாம், போலீஸிடம் மாட்டலாம். (ஒழுக்க போதனைக்கு உகந்த ஆட்டம் இல்லை. அது வேறு கட்டுரை.) ஊர் முழுக்க நூறு இடங்களில் சின்னச் சின்னப் பொட்டலங்கள் ஒளித்து வைத்திருப்பார்கள். மொட்டை மாடி, படிக்கட்டுக்கு அடியில், கடற்கரைப் பாறை இடுக்கு. பையன் நான்கு மாதமாக, வார இறுதியில் மட்டும் கிடைத்த ஒரு மணி நேரத்தில், தொண்ணூற்று மூன்று கண்டுபிடித்திருந்தான். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் டிக் அடித்து வைத்திருந்தான்.

விண்டோஸ் படுத்தது. அண்ணன் ஃபார்மட் செய்தான். நல்ல அண்ணன். செய்வதற்கு முன்னால் தம்பியின் கேம் டி-யில்தான் இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று உறுதிசெய்து கொண்டுதான் செய்தான்.

சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்தவன் கேட்டான். “அண்ணா, என் கேம்?”

“டி-யில அப்படியே இருக்குடா. தொடவே இல்ல.”

உண்மைதான். கேம் திறந்தது. கடற்கரை, பாட்டு, கார்கள் எல்லாம் இருந்தன. அவன் சேவ் செய்து வைத்திருந்த ஆட்டத்தைத் தேடினால், எட்டு இடமும் காலி. புதிய ஆட்டம் ஆரம்பிக்கலாம். பொட்டலம் பூஜ்யம்.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டிலும் நடக்கக்கூடியது. அந்த கேம் எங்கே குடியிருந்தாலும் சரி, ஆடியவனின் கணக்கை மட்டும் ‘மை டாக்குமென்ட்ஸ்’ என்கிற அறையில் ஒரு ஃபோல்டரில் எழுதி வைக்கும். அந்த அறை சி-யில் இருக்கிறது. பழைய டாஸ் காலத்துக் கேம்கள் பெரும்பாலும் தன் ஃபோல்டரிலேயே கணக்கை வைத்துக்கொள்ளும், வேறெங்கும் போகாது. பிறகு மைக்ரோசாஃப்ட் ஒரு கொள்கை வகுத்தது. புரோகிராம் எல்லாருக்கும் பொது. அதை வைத்துக்கொண்டு ஒருவர் செய்தது அவருக்குச் சொந்தம். ஒரே மெஷினை நாலு பேர் உபயோகித்தால் நாலு பேருக்கும் தனித்தனி அறை வேண்டும், ஒருத்தர் கணக்கை இன்னொருத்தர் தொடக்கூடாது. 2007-ல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவில் ‘சேவ்டு கேம்ஸ்’ என்று பெயர் போட்டு ஒரு ஃபோல்டரே கொடுத்தார்கள். யோசித்துப் பார்த்தால் கண்ணியமான கொள்கை. எது ஆட்டம், எது ஆடியவனுடையது என்று ஒரு கம்பெனி உட்கார்ந்து பிரித்திருக்கிறது. பிரித்து, ஆடியவனுடையதை எல்லாம் முதலில் துடைக்கப்படுகிற சி டிரைவில் கொண்டுபோய் வைத்தது.

அளவைப் பாருங்கள். அந்த கேம் கிட்டத்தட்ட ஒரு ஜி.பி. பையனுடைய நான்கு மாதம் சுமார் 200 கிலோபைட். ஐயாயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு ஜி.பி. கடையில் கிடைக்கும், சிநேகிதனிடம் கிடைக்கும், உலகத்தில் லட்சக்கணக்கான பிரதிகள் இருக்கின்றன. இந்த 200 கிலோபைட்டுக்கு அந்த வீட்டில் மட்டும் ஒரே ஒரு பிரதி. எது எங்கும் கிடைக்குமோ அதற்குச் சுவர் எழுப்பிப் பாதுகாத்தார்கள்.

பையன் அழுதான். அண்ணன் கோபப்பட்டான். அவன் கேட்டது நியாயமாகத்தான் படுகிறது. “இப்ப என்னடா போச்சு? உனக்கு ஆடத்தானே ஆசை? மறுபடி முதல்லேருந்து ஆடு. நான் உனக்கு நாலு மாசம் ஜாலி இலவசமா கொடுத்திருக்கேன்.”

சிரிக்காதீர்கள். இந்த வாதத்தைச் சுலபமாக உடைத்துவிட முடியாது. பணம் திருடினால் திருடியவன் கையில் பணம் இருக்கிறது. இங்கே யார் கையிலும் ஒன்றும் இல்லை. பரீட்சை நோட்ஸை அழித்தால் மார்க் போகிறது. இங்கே மார்க்கும் போகவில்லை. கேமின் பயன் சந்தோஷம் என்றால், சந்தோஷம் தருகிற பொருள் அப்படியே இருக்கிறது. மறுபடி தரும். பெரியவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்தக் கட்சிதான். ‘விளையாட்டுத்தானே!’ என்பார்கள். அந்தத் ‘தானே’யில் ஒரு தீர்ப்பே இருக்கிறது.

பெர்னார்ட் சூட்ஸ் என்று ஒரு தத்துவப் பேராசிரியர். கனடாவில் பாடம் நடத்தியவர். எறும்பு வெட்டுக்கிளிக் கதை தெரியுமில்லையா? எறும்பு உழைத்துச் சேர்த்தது, வெட்டுக்கிளி ஆடித் திரிந்து பட்டினி கிடந்தது என்று. அந்த வெட்டுக்கிளியைக் கதாநாயகனாக்கி 1978-ல் விளையாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதின் சாரம் இது. கோல்ஃப் ஆடுகிறவனுக்குப் பந்து குழிக்குள் போகவேண்டும். கையால் எடுத்துப் போய்ப் போட்டால் வேலை முடிந்தது. அவன் அப்படிச் செய்வதில்லை. வேண்டுமென்றே தூரத்தில் நின்று, ஒரு கோணல் குச்சியால் அடிக்கிறான். அவசியமில்லாத தடைகளைத் தானே ஏற்றுக்கொண்டு தாண்டுவதுதான் விளையாட்டு. போய்ச் சேருகிற இடத்தை விட, இந்த வழியில்தான் சேர்ந்தேன் என்பது முக்கியம்.

இதை வைத்து அண்ணனின் வாதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். அவன் மனசு கேட்காமல் எங்கிருந்தோ ஒரு சேவ் ஃபைலை எடுத்து வந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ நூற்றுக்கு நூறு முடித்தது. பொட்டலம் நூறும் உண்டு. தம்பியிடம் இருந்ததைவிட ஏழு அதிகம். வட்டியோடு நஷ்ட ஈடு! தம்பி வாங்கிக்கொள்வானா? மாட்டான். அவனுக்கு இன்னும் கோபம் வரும். தொண்ணூற்று மூன்று என்கிற எண்ணிக்கை போனதுதான் நஷ்டம் என்றால், நூறு கிடைத்ததும் அவன் குதித்திருக்க வேண்டும். சந்தோஷம் போனதுதான் நஷ்டம் என்றால், முதலிலிருந்து ஆடக் கிடைத்ததற்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. அப்படியானால் அழிந்தது மூன்றாவதாக ஏதோ ஒன்று. இங்கே வந்தேன், இவ்வளவு தூரம் வந்தேன், நான்தான் வந்தேன் என்பதற்கு அந்த மெஷினுக்குள் இருந்த ஒரே சாட்சி. அண்ணன் அந்தச் சாட்சியைக் கலைத்துவிட்டான். தெரியாமல் செய்ததால் அவனைக் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். ஆனால், ‘ஒண்ணும் போகல’ என்று சொன்னது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் மடக்கலாம். ‘நம்ம ஊர் ஆட்டத்தில் எதை சேவ் செய்தோம்?’ நல்ல கேள்வி. பழைய கோயில் மண்டபங்களில் தரையைக் கவனித்திருக்கிறீர்களா? கருங்கல்லில் ஆடுபுலி ஆட்டத்துக் கோடுகளும் பல்லாங்குழிக் குழிகளும் செதுக்கியிருக்கும். கட்டம் மட்டும்தான் இருக்கிறது. யார் ஆடினார்கள், எந்த ஆட்டை எந்தப் புலி தின்றது, ஒன்றும் தெரியாது. கூழாங்கற்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். யாரும் அழுததாகத் தெரியவில்லை. வாசலில் போடுகிற கோலமும் அப்படித்தான். மத்தியானத்துக்குள் சைக்கிள் ஏறி, செருப்பு மிதித்து, கலைந்துவிடும். மறுநாள் புதுசு. கலைகிறதே என்று ஒருத்தி கோலம் போடாமல் இருப்பதில்லை.

நானும் இதைப் பற்றி நிறைய யோசித்தேன். ஒரு வித்தியாசம் இருக்கிறது. மண்டபத்தில் ஆடியவர்கள் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். முடிந்தது என்று இருவருக்கும் தெரியும். கோலம் போட்டவளுக்குக் காலையிலேயே தெரியும், இது சாயங்காலம் வரை தாங்காது என்று. தெரிந்தேதான் போடுகிறாள். பாதி போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருத்தர் வாளித் தண்ணீரைக் கொட்டி, ‘என்ன இப்போ, திரும்பப் போடேன்’ என்றால் அவள் சும்மா இருப்பாளா என்று கேட்டுப் பாருங்கள். (எங்கள் தெருவில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.)

பாதியில் நிறுத்திய ஆட்டத்துக்கு எவ்வளவு மரியாதை உண்டு என்று தெரிய செஸ்ஸைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர்கள் கெட்டிக்காரத்தனம் அடைவதற்கு முன்னால், பெரிய போட்டிகளில் ஆட்டம் நீண்டால் மறுநாளைக்கு ஒத்திவைப்பார்கள். நிறுத்துவதற்கு முன் ஒருவர் தன் அடுத்த நகர்த்தலைக் காகிதத்தில் ரகசியமாக எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுத்துவிடுவார். ராத்திரி முழுக்க அந்த உறை நடுவரின் பொறுப்பு. 1972-ல் ஃபிஷர் - ஸ்பாஸ்கி உலகச் சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம் அப்படித்தான் நின்றது. ஸ்பாஸ்கி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. தோல்வியை டெலிபோனில் சொல்லிவிட்டார். அந்த ராத்திரி நடுவர் உறையைத் தொலைத்திருந்தால், ‘அதனால் என்ன, பலகையும் காய்களும் பத்திரமாக இருக்கின்றன’ என்று சொல்லியிருக்க முடியுமா?

இன்னொன்று. இது 2014-ல் ஓர் இளைஞர் எழுதியது, உலகம் முழுக்கப் பலர் படித்துக் கலங்கினார்கள். அவருக்கு நாலு வயதில் அப்பா எக்ஸ்பாக்ஸ் வாங்கினார். இருவரும் சேர்ந்து ஆடுவார்கள். ஆறு வயதில் அப்பா இறந்துவிட்டார். பத்து வருஷம் அவர் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் எடுத்தார். ‘ராலிஸ்போர்ட் சேலஞ்ச்’ என்று ஒரு கார் ரேஸ். அதில் ஒரு ஏற்பாடு உண்டு. அதுவரை மிக வேகமாக ஓட்டியவரின் ஓட்டத்தை மெஷின் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து ஆடுபவருக்கு முன்னால் ஒரு நிழல் காராக ஓடவிடும். ‘கோஸ்ட்’ என்று பெயர். பையன் ஆட்டத்தைத் திறந்தால், முன்னால் ஒரு நிழல் கார் ஓடுகிறது. அப்பா ஓட்டியது. எந்த வளைவில் எப்படித் திரும்பினாரோ அப்படியே திரும்புகிறது.

ஆடி ஆடி ஒரு நாள் அப்பாவை முந்துகிற அளவுக்கு வந்துவிட்டார். முந்திக் கோட்டைத் தாண்டினால் புதிய ஓட்டம் பதிவாகிப் பழைய நிழல் அழிந்துவிடும். அதனால் எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் காரை நிறுத்திவிடுவாராம். அப்பா தாண்டிப் போகட்டும் என்று.

இதில் எது எங்கே இருந்தது என்று கவனியுங்கள். அந்த ஆட்டம் 2002-ல் வந்தது. டி.வி.டி.யில் விற்றார்கள், உலகத்தில் எத்தனையோ பேரிடம் இருக்கும். நிழல் மட்டும் அந்தப் பழைய எக்ஸ்பாக்ஸின் டிஸ்க்கில் இருந்தது. ‘மெஷின் ஸ்லோவா இருக்கு, எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டேன், டி.வி.டி. பத்திரமா இருக்கு’ என்று யாராவது ஒரு நல்ல மனிதர் உதவி செய்திருந்தால்?

வைஸ் சிட்டிப் பொட்டலங்களையும் இறந்துபோன அப்பாவையும் ஒரே தராசில் வைக்கிறேனே என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். எடை வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பையனின் பெட்டியைப் பார்த்தால் வெளியாளுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் சின்னச் சமாசாரம், இரண்டுக்கும் பெயர் சேவ் ஃபைல். எது கனமானது என்று அதன் சொந்தக்காரனைத் தவிர யாருக்கும் தெரியாது.

டி-யில் பத்திரமாக இருப்பதாக நினைக்கிற அந்தப் பெரிய பொருளாவது நம்முடையதா என்றால், அதுவும் சந்தேகம். ‘தி க்ரூ’ என்று யுபிசாஃப்ட் கம்பெனியின் கார் ஆட்டம் 2014-ல் வந்தது. தனியாக ஆடினாலும் அவர்கள் சர்வரோடு தொடர்பில் இருக்கவேண்டும். 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை மூடினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் டிஸ்க்கில் அத்தனை ஜி.பி.யும் இருந்தது, ஆடத்தான் முடியவில்லை. அதே வருஷம் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். வெறும் உரிமத்தை விற்றுக்கொண்டு ‘வாங்குங்கள்’ என்று சொல்லாதே, உரிமம்தான் என்று தெளிவாகச் சொல் என்று. ஆக, சுவர் எழுப்பி நாம் காவல் காத்தது வாடகைச் சாமானை.

இப்போது நிலைமை தேவலை என்பீர்கள். ஸ்டீம் 2008-லேயே சேவ் ஃபைல்களைத் தன் சர்வரில் வைக்க ஆரம்பித்துவிட்டது. விண்டோஸை மறுபடி போட்டாலும், கேம்ஸ் இருக்கும் டிரைவைக் காட்டினால் அடையாளம் கண்டுகொள்கிறது, கணக்கையும் இறக்கிக்கொள்கிறது. ஆனால் எல்லா கேமுக்கும் இந்த வசதி இல்லை. பழைய சி.டி.யிலிருந்து போட்டதற்குச் சுத்தமாக இல்லை. அவையெல்லாம் இன்னமும் ‘டாக்குமென்ட்ஸ்’, அதற்குள் ‘மை கேம்ஸ்’, அல்லது ‘ஆப்டேட்டா’ என்று கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிற ஃபோல்டர், இப்படிச் சி-யின் மூலை முடுக்குகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அந்த ஃபோல்டர்களை ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்க ஐந்து நிமிஷம் போதும். பிரச்னை அந்த ஐந்து நிமிஷமில்லை.

ரிப்பேருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். கேட்காமல் அழிப்பதில்லை. “சார், சி-யில டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் எல்லாம் போயிடும். முக்கியமா ஏதாவது இருக்கா?” என்று கேட்பார்கள். யாரிடம் கேட்பார்கள்? பணம் கொடுப்பவரிடம். அவர் சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே யோசிப்பார். இன்கம்டாக்ஸ் ஃபைல், ஆபீஸ் பிரசன்டேஷன், கல்யாண ஆல்பம். விரல் விட்டு எண்ணிச் சொல்லுவார். “அவ்வளவுதான். கேம்ஸ் எல்லாம் டி-யில இருக்கு, அதைத் தொட வேண்டாம், பையன் கத்துவான்” என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு ஆபீஸ் கிளம்புவார்.

வார நாள், பகல் பதினொரு மணி. பையன் ஸ்கூலில் இருப்பான்.